கதவைத் திறந்து வைத்த விஞ்ஞானி
(சர் சி. வி. இராமன் அவர்களின் வாழ்க்கை)

எங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். காலை வழிபாட்டிற்கு வரிசையில் நிற்கையில் நாள்தோறும் நாங்கள் காணும் காட்சி அது. ஆனால் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் எங்கள் அன்னையர் அந்த மலையில் நீலத்தைக் காண்பதில்லை. அவர்கள் காண்பதெல்லாம் பச்சை. கீழே நின்றால் நீலம், மேலே சென்றால் பச்சை. ஒரே மலைக்கு இரண்டு நிறம் எப்படி வந்தது?

சிறு வகுப்பில் படித்த காலத்தில் எங்களுள் ஒருத்தி இக்கேள்வியை வீட்டில் கேட்டாள். போய் வேலையைப் பார் என்பதே விடையாகக் கிடைத்தது. விடை சொன்னவர் மேல் குற்றமில்லை. அவருக்கும் அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இத்தகைய எளிய கேள்விகளைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு தமிழரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறோம். அவர் நோபல் பரிசு பெற்றவர் என்பதை யாவரும் அறிவர். தாம் கண்ட விடைகளை ஆய்வுக்கூடத்துக்குள் பூட்டி வைக்காமல், மாணவரும் பொதுமக்களும் கேட்கும்படி மேடையேறிச் சொன்னவர் என்பதைச் சிலரே அறிவர். அவரே சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

பிறப்பும் கல்வியும்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். பிள்ளைகள் எண்மருள் இராமன் இரண்டாமவர். தந்தையார் ஆசிரியர். விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை கிடைக்கவே, குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் செல்வம் குறைவு; புத்தகங்கள் நிறைவு.

விசாகப்பட்டினத்தில் இராமன் பயின்றது புனித அலோசியஸ் பள்ளி. நம்மைப் போலவே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் அவர் என்பதை அறிந்தபோது எங்களுக்குச் சற்றுப் பெருமையாக இருந்தது. பதினோராம் வயதிலேயே அவர் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். அந்த வயதில் நாங்கள் ஆறாம் வகுப்பில் பின்னங்களோடு போராடிக் கொண்டிருந்தோம்!

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றுப் பௌதிகத்தில் தங்கப் பதக்கமும் வென்றார். ஒளி ஒரு சிறு நீள்சதுரத் துளை வழியே சரிவாகச் செல்லும்போது தோன்றும் பட்டைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அது 1906இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. யாரும் ஏவாமல், கல்லூரிக் கருவிகளைக் கொண்டு, தாமே செய்த ஆராய்ச்சி அது.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவருடைய மெலிந்த உடல் இடங்கொடுக்கவில்லை, மருத்துவர் தடுத்துவிட்டார். இந்நாட்டிலோ ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அன்று வழியில்லை. ஆகவே அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம்! 1907இல் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அதே ஆண்டில் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராக வேலையில் அமர்ந்தார். பத்தொன்பது வயது கூட நிரம்பவில்லை. கை நிறையச் சம்பளம், பங்களா வாழ்க்கை. இத்துடன் அறிவியல் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அவருக்கு முன்பே எழுந்த வீடு

இங்கே நாம் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் இருந்தார். இலண்டன் மாநகரின் இராயல் இன்ஸ்டிட்யூஷனில் அறிஞர்கள் சோதனைகளைச் செய்து காட்டிப் பொதுமக்களுக்குச் சொற்பொழிவாற்றுவதுபோல் இந்நாட்டிலும் நடைபெற வேண்டும் என்பது அவர் கனவு. மைக்கேல் பாரடே என்னும் மேதை, ஏழைக் கொல்லரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். அத்தகைய சொற்பொழிவுகளைக் கேட்டே அவர் விஞ்ஞானி ஆனார். பின்பு சிறுவர் சிறுமியருக்கென்றே கிறிஸ்துமஸ் காலத்தில் பல ஆண்டுகள் தாமே சொற்பொழிவு நிகழ்த்தினார்.

மகேந்திரலால் பல ஆண்டுகள் பாடுபட்டு நன்கொடை திரட்டி, 1876ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடம் அதன் இல்லமாயிற்று. இம்முயற்சியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் அருட்தந்தை யூஜின் லபோன். இவர் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு. கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியின் அறிவியல் பேராசிரியர். ஜகதீச சந்திர போஸின் ஆசான். புதிய கருவிகள் எவை வந்தாலும் அவற்றை மேடையில் இயக்கிக் காட்டி, மாணவர்க்கும் ஊராருக்கும் விளக்குவதில் வல்லவர். கழகத்தின் மேடையிலும் இவர் பல்லாண்டுகள் சொற்பொழிவாற்றினார்.

ஆனால் சொற்பொழிவு கேட்க வந்தவர்களிலிருந்து தாமே ஆராய்ச்சி செய்வோர் பலர் தோன்றவில்லை. கருவிகளின் மேல் தூசி படிந்தது. தம் கனவு நனவாகவில்லையே என்னும் ஏக்கத்துடன் 1904இல் மகேந்திரலால் கண் மூடினார். இன்னும் மூன்றே ஆண்டுகள் உயிரோடு இருந்திருந்தால், அவர் காத்திருந்த மனிதரைக் கண்டிருப்பார்.

பௌபஜார் தெரு, 210

1907ஆம் ஆண்டில் ஒருநாள். டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்த இளம் அதிகாரி இராமனின் கண்ணில் அக்கழகத்தின் பெயர்ப் பலகை பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் அசுதோஷ் தே. கல்லூரி வாசலையே மிதியாத இவர்தாம் பிற்காலத்தில் இராமனின் ஆராய்ச்சிகளுக்கு வலக்கரமாகத் திகழ்ந்தவர். கழகத்தின் செயலாளராக அப்போது இருந்தவர் மகேந்திரலாலின் புதல்வர் அமிர்தலால். இங்கே ஆராய்ச்சி செய்யலாமா என்று வந்தவர் கேட்க, தந்தையார் காத்திருந்த மனிதர் இவரே என்று மகன் மகிழ்ந்து ஆய்வுக்கூடத்தை அவரிடம் ஒப்படைத்தார்.

அன்றுமுதல் இராமனின் நாட்கள் எப்படிக் கழிந்தன தெரியுமா? காலை ஐந்தரை மணிக்கே ஆய்வுக்கூடம் செல்வார். ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பி, குளித்து, அவசரமாக இரண்டு வாய் உண்டு, அலுவலகத்துக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் ஆய்வுக்கூடம்; வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேதான். ஞாயிறு என்றால் தூக்கமும் தொலைக்காட்சியும் என்று எண்ணும் எங்களுக்கு இது ஒரு சாட்டை அடி.

வயலின், வீணை, மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் ஒலிநுட்பங்களை அக்காலத்தில் அவர் ஆராய்ந்தார். தாம் கற்றதைக் கழகத்தின் மேடையில் சொற்பொழிவுகளாகவும் எடுத்துரைத்தார். மகேந்திரலாலும் லபோன் அடிகளாரும் நின்று பேசிய அதே மேடை! இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோது சில காலம் பிரிந்திருந்தார். 1911இல் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

சர் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். அரசாங்கச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். அப்பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அதற்காக வெளிநாடு செல்ல இராமன் இசையவில்லை. அவருக்காக விதி தளர்த்தப்பட்டது. 1917இல் பெரிய சம்பளத்தைத் துறந்து ஆசிரியரானார்.

கடலின் நீலம்

1921இல் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்ற இராமன், கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தில் மனம் பறிகொடுத்தார். வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு என்னும் பேரறிஞர் கூறியிருந்தார். உலகமும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. இராமன் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்த நிக்கல் பட்டகம் என்னும் சிறு படிகத்தின் வழியே கடலைப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் பட்டு வரும் வானத்து ஒளியை அது தடுத்துவிடும். பிரதிபலிப்பு மறைந்தால் நீலமும் மறைய வேண்டுமல்லவா? மறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து ஒளிர்ந்தது. அப்படியானால் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகின்றன என்பது அவர் முடிவு!

கப்பல் மேல்தளத்தில் நூற்றுக்கணக்கானோர் அதே கடலைப் பார்த்தனர். ஒருவர் மட்டுமே கேட்டார்.

ஒளிச் சிதறல் பற்றிய ஆராய்ச்சி தொடர்ந்து ஏழாண்டுகள் நடந்தது. அதில் உடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். இவர் நமக்கு அண்டை ஊர்க்காரர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியபோது மதிய உணவு வேளையில் இவர் மாணவரோடு அமர்ந்து அறிவியல் கேள்விகளுக்கு விடை சொல்வாராம். பிற கல்லூரி மாணவரும் அதற்கென்றே வந்து கூடுவராம்.

அவர்கள் செய்த சோதனையைப் பத்தாம் வகுப்பு மாணவியும் புரிந்துகொள்ளலாம். சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியே செலுத்தி, ஊதாவை மட்டும் தூய திரவம் ஒன்றில் பாய்ச்சினர். திரவம் சிதறடிக்கும் ஒளியைப் பச்சை நிறக் கண்ணாடி வழியே நோக்கினர். ஊதாவைப் பச்சைக் கண்ணாடி விடாது. ஆகவே ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் மங்கிய ஒளி ஒன்று தெரிந்தது! சிதறிய ஒளியில் மிக மிகச் சிறு பங்கு தன் நிறத்தை மாற்றிக்கொண்டுவிட்டது என்பதே அதன் பொருள். ஏறத்தாழ 60 திரவங்களில் சோதித்தனர். எல்லாவற்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று உறுதியான இக்கண்டுபிடிப்பே இராமன் விளைவு.

நிறம் எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். அது மூலக்கூறின் கைரேகை போன்றது. எங்கள் ஊர் ஏலக்காயின் மணத்துக்குக் காரணமான சினியோலுக்கும் ஒரு கைரேகை உண்டு. மருந்தின் தூய்மையையும் மணிக்கற்களின் உண்மையையும் இதனால் அறியலாம். 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் அங்குள்ள பாறைகளை ஆராய இராமன் முறைக் கருவிகளை ஏந்திச் சென்றது.

1930ஆம் ஆண்டுக்கான பௌதிக நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. அறிவியலில் இப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. அறிவிப்பு வருமுன்பே கப்பல் பயணச் சீட்டுகளை வாங்கி வைத்திருந்தார் என்றால் அவருடைய தன்னம்பிக்கையை என்னென்பது!

மேடையில் விஞ்ஞானி

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். அகாடமியின் ஆண்டுக் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் கூடும். பகலில் அறிஞர்கள் தமக்குள் பேசுவர். மாலையிலோ பொதுமக்களுக்கென்று சொற்பொழிவு நடக்கும், இராமன் மேடையேறுவார். தலைப்பாகை அணிந்த அவ்வுருவம் பேசத் தொடங்கினால் நகைச்சுவையும் நுட்பமும் கலந்து பொழியுமாம். வானொலியிலும் அவர் அறிவியல் பேசினார். அப்பேச்சுகள் நூலாகவும் வெளிவந்தன.

ஓய்வு பெற்ற பின், 1948இல் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் கண்டார். அதற்கு நன்கொடை திரட்ட ஊர் ஊராக அலைந்தார். அதன் காட்சிக்கூடத்தில் வைரங்களையும் கனிமங்களையும் வண்ணத்துப் பூச்சிகளையும் சேர்த்து வைத்தார். பள்ளிச் சிறுவர் வந்தால் தாமே உடன் நடந்து காட்டி மகிழ்வார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1959 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2ஆம் நாள் காந்தி நினைவுச் சொற்பொழிவைத் தம் நிலையத்தில் நிகழ்த்தி வந்தார். காந்தியடிகளுக்கு மாலையிடுவதினும், அந்நாளில் புதியதோர் அறிவைப் பகிர்வதே சிறந்த அஞ்சலி என்று அவர் கருதினார் போலும்.

1968 டிசம்பர் 22ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விக்ரம் சாராபாய் அகமதாபாதில் மாணவருக்கும் மக்களுக்கும் என்று உருவாக்கிய சமுதாய அறிவியல் மையத்தில் இராமன் உரையாற்றினார். அப்போது அவருக்கு எண்பது வயது. உலகமே போற்றும் அறிஞர் அன்று எடுத்துக்கொண்ட பொருள் என்ன? வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்பதே! ஒரு குழந்தை கேட்கும் கேள்வி. விடையை உடனே சொல்லாமல், கேள்வியிலிருந்து கேள்விக்குக் கூட்டத்தை அழைத்துச் சென்றார். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை மிகுதியாகச் சிதறடிக்கின்றன என்று எவரும் மனப்பாடமாக ஒப்பித்துவிடலாம். அப்படியானால் நிலவு காயும் இரவில் வானம் ஏன் நீலமாய்த் தெரிவதில்லை? நிலவொளியும் சூரியனுடைய ஒளிதானே? மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை உணர்வதில்லை என்பதே விடை. வானத்தைப் பற்றிய கேள்வி இவ்வாறு நம் கண்ணைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

மூடியிருந்த ஒரு கதவு

இத்துணை கதவுகளைத் திறந்தவர் ஒரு கதவை மூடியும் வைத்திருந்தார். இதை எழுதலாமா என்று எங்களுக்குள் விவாதித்தோம். பெண்கள் பள்ளி மலரில் இதை மறைப்பது முறையன்று என்று முடிவு செய்தோம்.

1933இல் பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்னும் பெண் பெங்களூருக்கு வந்தார். பட்டத் தேர்வில் பல்கலைக்கழக முதல்வி. ஆயினும் பெண் என்னும் காரணத்தால் இராமன் அவருக்கு இடமளிக்க மறுத்தார். கமலா திரும்பிப் போகவில்லை. காந்திய வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். முடிவில், ஓராண்டு சோதனை முறையில் இருக்கலாம் என்று நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அந்த அவமதிப்பை நெஞ்சில் சுமந்துகொண்டே கமலா இரவும் பகலும் உழைத்தார். ஆண்டு முடிவில் இராமன் அவருடைய உழைப்பை ஒப்புக்கொண்டார். அதன்பின் பெண்களுக்கும் இடமளித்தார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கமலா சோஹோனி என்னும் பெயரில், பதநீரின் சத்துகளை ஆராய்ந்து, ஏழைக் குழந்தைகளின் ஊட்டக்குறைவைப் போக்க வழி காட்டினார்.

இராமனின் மேதைமையை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அன்று சரியாக நடந்துகொண்டவர் கமலாதான். பெரியவர்களும் தவறுவர், தவறு என்று தெரிந்த பின் மாற்றிக்கொள்வதே பெருமை என்பதையும் இதனால் கற்றோம்.

ஏலமலையிலிருந்து சென்ற பெண்

கமலா திறந்த கதவின் வழியே, சில ஆண்டுகள் கழித்து, நம் ஏலமலைப் பெண் ஒருவர் உள்ளே சென்றார். போடியிலிருந்து தெற்கே கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, குமுளி வழியே மலையேறினால் வருவது பீர்மேடு. அங்கே 1918இல் பிறந்தவர் அன்னா மணி. தந்தையார் பொறியாளர், ஏலத்தோட்டங்களுக்கு உரிமையாளர். அக்குடும்பத்தில் எட்டாம் பிறந்த நாளன்று பெண் பிள்ளைக்கு வைரத் தோடு அளிப்பது வழக்கம். அன்னா அது வேண்டாம் என்று சொல்லி, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வைரத்தை வேண்டாமென்ற அச்சிறுமி, 1940இல் பெங்களூர் சென்று இராமனிடம் ஆராயத் தொடங்கிய பொருள் வைரமே! வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு உமிழ்கின்றன என்பதைப் படம்பிடிக்கப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். சில நாட்களில் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கிவிடுவாராம். பெண்கள் ஆண் மாணவருடன் கலந்து பேசுவது அங்கே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஐந்து கட்டுரைகள் வெளியிட்டும், எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழி கண்டார். நாடெங்கும் சூரிய ஒளியையும் காற்றின் வேகத்தையும் அளந்து தொகுத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார், 2001இல் மறைந்தார். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதைக் காணும்போதெல்லாம் இனி நாங்கள் அவரை நினைப்போம்.

இறுதி நாட்கள்

1970 அக்டோபர் 2ஆம் நாள் இராமன் தம் கடைசிக் காந்தி நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார். நம் செவி ஒலியை எவ்வாறு உணர்கிறது என்பது அன்றைய பொருள். வீணையிலும் மிருதங்கத்திலும் தொடங்கியவர் செவியில் முடித்தார். சில வாரங்களில், நவம்பர் 21ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. தாம் நட்டு வளர்த்த தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அங்கே சமாதியோ சிலையோ எழுப்பவில்லை. ஒரு மரம் மட்டும் நடப்பட்டது. இராமன் விளைவு கண்டறிந்த பிப்ரவரி 28ஆம் நாளை 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம்.

முடிவுரை

அந்நாளில் கோலப் போட்டியும் வினாடி வினாவும் நடத்திவிட்டால் போதுமா? நாங்கள் சிறுமிகளாயிருந்த காலத்தில், எங்கள் ஊருக்கு அருகே பொட்டிப்புரத்து மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் பெரியவர்கள் வாதாடினர். எது சரி என்று சொல்ல எங்களுக்கு அறிவு போதாது. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. நியூட்ரினோ என்றால் என்ன என்று நாங்கள் கேட்டபோது, எங்கள் வீடுகளில் விடை சொல்ல ஆளில்லை. தம் மலையைப் பற்றித் தாமே தீர்ப்புச் சொல்ல வேண்டிய மக்களுக்கு, அச்சமின்றிக் கேள்வி கேட்க ஓரிடம் வேண்டாமா?

மும்பையில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் 2009இல் ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் அருந்திக்கொண்டே கேட்கும் இலவச அறிவியல் பேச்சுகளைத் தொடங்கினர். சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தார் 2016இல் கச்சேரி நடக்கும் சபையிலேயே இலவச அறிவியல் உரைகளைத் தொடங்கினர். ஊர் பெரிதானால்தான் நடக்குமா?

இவ்வாண்டு இதையே தலைமை ஆசிரியைச் சகோதரியிடம் விண்ணப்பித்தோம். அவரும் இசைந்தார். ஒரு சனிக்கிழமை மாலை ஆய்வுக்கூடத்தின் கதவு ஊராருக்கும் திறந்தது. கட்டணம் இல்லை; தலைப்பு, மலை ஏன் நீலமாயிருக்கிறது? எங்கள் அறிவியல் ஆசிரியை கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, சில சொட்டுப் பால் கலந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சினார். பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு நீர் சற்றே நீலம். நேரெதிரே பார்த்தவர்களுக்கு விளக்கு செம்மஞ்சள். நமக்கும் மலைக்கும் இடையே உள்ள மைல்கணக்கான காற்று சிதறடிக்கும் நீல ஒளியே மலையின் மேல் போர்த்திய நீலம் என்று விளங்கிற்று. ஏறிச் சென்றால் இடையே காற்று குறைகிறது. இலைகளின் பச்சை தெரிகிறது.

ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு நேரே வந்திருந்த அன்னையர் சிலர் பின்வரிசைப் பெஞ்சில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். உலர் அறையில் அடுப்பு மூட்டிக் காயவைத்தால் ஏலக்காய் பச்சையாகவே இருக்கிறது. வெயிலில் போட்டால் வெளுத்துவிடுகிறதே, அது ஏன் என்று கேட்டார். ஆசிரியைக்கு உடனே விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை சொல்வதாகக் கூறினார். இலையையும் காயையும் பச்சையாக வைத்திருக்கும் பச்சையத்தை வெயில் சிதைத்துவிடுகிறது என்று மறுவாரம் விளக்கினார். அன்று அந்த அன்னையோடு அவர் பக்கத்து வீட்டார் இருவரும் வந்திருந்தனர்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்களில் சிலர் மேலே படிப்போம். சிலர் தரம் பிரிக்கும் கூடத்துக்கே போக நேரலாம். யார் எங்கே சென்றாலும், சனிக்கிழமை மாலை அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். எங்களுக்குப் பின் வரும் தங்கையரே, அதை மூடிவிடாதீர்கள்!